யார் இந்த கிம் ஆங்? 30 வருடக் காத்திருப்பு, 3 வருட நாற்காலி... பேஸ்பாலின் முதல் பெண் ஜெனரல் மேனேஜரின் கதை

2023 செப்டம்பர் 30. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் மயாமி மார்லின்ஸ் அணி வென்று, பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. முழு சீசன் ஒன்றில் ஆடி அந்த அணி பிளே-ஆஃப் போனது 20 வருடத்தில் அதுவே முதல்முறை. வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஷாம்பெயின் பீய்ச்சிக் கொண்டாடினார்கள்.

சரியாக 16 நாள் கழித்து, அக்டோபர் 16-ம் தேதி, அந்த அணியைக் கட்டிய ஜெனரல் மேனேஜர் வேலையில் இல்லை.

அவர் பெயர் கிம் ஆங். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஆண்கள் லீக் எதிலும் ஓர் அணியின் ஜெனரல் மேனேஜராக வந்த முதல் பெண். அந்த நாற்காலிக்கு வர அவருக்கு 30 வருடம் ஆனது. அதில் அவர் உட்கார்ந்திருந்ததோ மூன்று சீசன்கள்தான். ஜெயித்த கையோடு ஏன் வெளியேறினார்? அதற்கு முன் அந்த 30 வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்? விரிவாகப் பார்க்கலாம்.

ஜெனரல் மேனேஜர்னா என்ன வேலை?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பேஸ்பாலில் 'மேனேஜர்' வேறு, 'ஜெனரல் மேனேஜர்' வேறு.

மேனேஜர் என்பவர் மைதானத்தில் இருப்பவர். கிரிக்கெட்டில் நாம் சொல்லும் தலைமைப் பயிற்சியாளர் மாதிரி. இன்று யார் பந்து வீசுவது, யார் எந்த வரிசையில் பேட் பிடிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு.

ஜெனரல் மேனேஜர் மைதானத்துக்கே வராமல்கூட வேலை பார்க்கலாம். ஆனால் அந்த மேனேஜரையே வேலைக்கு எடுப்பது இவர்தான். எந்த வீரரை வாங்குவது, யாரை விட்டுக்கொடுப்பது, யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம், பள்ளி, கல்லூரிகளில் ஆடும் இளைஞர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது, கீழ்நிலை லீக்குகளில் வளரும் பையன்களை எப்போது மேலே கொண்டுவருவது... எல்லாமே இவர் மேசைக்கு வந்துதான் போகும்.

ஐபிஎல் மாதிரி இங்கே ஏலம் கிடையாது. ஆண்டுதோறும் நடக்கும் 'டிராஃப்ட்' மூலம் புதியவர்களை எடுக்க வேண்டும். மற்ற அணிகளோடு பேரம் பேசி வீரருக்கு வீரர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்து வெளியே வருபவர்களைப் பணம் கொடுத்துப் பிடிக்க வேண்டும். மொத்தம் 30 அணிகள், ஆளுக்கு 162 ஆட்டங்கள். ஆக மொத்தம் 30 பேருக்கு மட்டுமே கிடைக்கும் வேலை இது.

சில அணிகளில் ஜெனரல் மேனேஜருக்கு மேலே 'பேஸ்பால் ஆபரேஷன்ஸ் தலைவர்' என்று இன்னொரு பதவியும் உண்டு. அங்கே கடைசி வார்த்தை அவருடையது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிவு இங்கேதான் இருக்கிறது.

உயிரெழுத்தே இல்லாத பெயர்

கிம்மின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து, அதில் உயிரெழுத்தே இருக்காது. பலர் அதை எப்படி உச்சரிப்பது என்று திணறுவார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்குச் சுலபம். 'க்' என்ற எழுத்துக்கு அடுத்து வருமே, நாம் சொல்லின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட பயன்படுத்தவே செய்யாத 'ங்', அதே ஒலிதான். சீனக் குடும்பங்களில் பரவலாக உள்ள பெயர். அமெரிக்காவில் அவர் அதை 'ஆங்' என்று சொல்கிறார்.

1968 நவம்பர் 17-ல் இண்டியானாபோலிஸில் பிறந்தவர். ஐந்து பெண்களில் மூத்தவர். அப்பா அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளி, அம்மா தாய்லாந்தில் பிறந்த சீன வம்சாவளி. விளையாட்டு ஆர்வம் வந்தது அப்பாவிடமிருந்து. ஆனால் கிம்முக்கு 11 வயதாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். ஐந்து பெண்களையும் வளர்த்தது அம்மா.

பள்ளியில் டென்னிஸும் சாஃப்ட்பாலும் ஆடினார் கிம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை படித்துக்கொண்டே நான்கு வருடமும் கல்லூரி சாஃப்ட்பால் அணியில் ஆடினார். கல்விக்கூடங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்து, மாணவிகளுக்கு விளையாட்டிலும் சம வாய்ப்புக்கு வழிசெய்த 1972-ம் வருடச் சட்டத்தைப் பற்றித்தான் இறுதியாண்டு ஆய்வேடு எழுதினார். சட்டம் கல்லூரி மைதானம் வரைக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு மேலே இருக்கும் கதவுகளைப் பற்றி அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை.

1990: ஒரு இன்டர்ன்

பட்டம் முடித்ததும் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியில் இன்டர்னாகச் சேர்ந்தார். அவரை எடுத்தவர் அணியின் அதிகாரி டான் எவன்ஸ். அப்போது கணினியில் புள்ளிவிவரம் திரட்டி வீரர்களை மதிப்பிடுவது இன்றைய அளவுக்கு வளரவில்லை. அந்த வேலையைச் செய்ய ஆள் தேவைப்பட்டது. அடுத்த வருடமே வேலை நிரந்தரம் ஆனது. 1995-ல் பேஸ்பால் ஆபரேஷன்ஸ் உதவி இயக்குநர்.

அந்த வருடம் நடந்த ஒரு சம்பவம்தான் அவர் பெயரை வெளியே கொண்டுவந்தது. அதைப் புரிந்துகொள்ள பேஸ்பாலின் சம்பள விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பளச் சண்டை எப்படி நடக்கும்?

மேஜர் லீகில் ஒரு வீரருக்கு முதல் மூன்று வருடம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் கிடைக்கும். ஆறு வருடம் முடிந்தால் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். இடையில் இருக்கும் வருடங்களில்தான் சிக்கல். அணி ஒரு தொகை சொல்லும், வீரர் ஒரு தொகை சொல்வார். ஒத்துவரவில்லை என்றால் விவகாரம் நடுவர் முன்னால் போகும்.

இதில் ஒரு விசித்திரமான விதி இருக்கிறது. நடுவர் இரண்டு தொகைக்கும் நடுவில் ஒன்றைச் சொல்ல முடியாது. இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் இரண்டு தரப்பும் வக்கீல் மாதிரி தயாராகி வரும். இதே நிலையில் இருக்கும் மற்ற வீரர்கள் என்ன வாங்குகிறார்கள், இவருடைய எண்கள் என்ன சொல்கின்றன என்று அடுக்கடுக்காக ஆதாரம் வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு தர்மசங்கடமும் உண்டு. தன் சொந்த அணி வீரரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, 'இவர் அவ்வளவு தொகைக்குத் தகுதியானவர் இல்லை' என்று வாதாட வேண்டும். மறுநாள் அவர் அதே அணிக்காகத்தான் விளையாடப் போகிறார்.

1995-ல் ஒயிட் சாக்ஸின் பந்துவீச்சாளர் அலெக்ஸ் ஃபெர்னாண்டஸின் சம்பள வழக்கில் அணி சார்பாக வாதத்தை முன்வைத்தவர் 26 வயது கிம் ஆங். மேஜர் லீகில் இப்படி வாதாடிய முதல் பெண் அவர்தான். அதுவரை வாதாடியவர்களிலேயே வயதில் இளையவரும் அவர்தான். வழக்கில் ஜெயித்தார்.

29 வயதில் யாங்கீஸ்

1997-ல் அமெரிக்கன் லீக் தலைமையகத்துக்குப் போனார். வீரர்கள் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறுவது, பட்டியலில் சேர்ப்பது, நீக்குவது என ஒவ்வொரு பரிமாற்றமும் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்து ஒப்புதல் கொடுக்கும் வேலை. கேட்க எழுத்தர் வேலை மாதிரி தெரியும். ஆனால் அந்த லீகின் எல்லா அணி ஜெனரல் மேனேஜர்களும் ஏதோ ஒரு சந்தேகத்துக்காக அந்த மேசைக்கு போன் செய்தாக வேண்டும். விதிப்புத்தகம் அவருக்கு மனப்பாடம் ஆனது. ஆட்களும் பழக்கமானார்கள்.

அடுத்த வருடமே நியூயார்க் யாங்கீஸ் அழைத்தது. 30 வயதில் அந்த அணியின் ஜெனரல் மேனேஜர் ஆகியிருந்த பிரையன் காஷ்மன், தனக்குத் துணையாக 29 வயது கிம்மை உதவி ஜெனரல் மேனேஜராக்கினார். அப்போது மேஜர் லீகில் அந்தப் பதவியில் இருந்தவர்களில் மிக இளையவர் அவர். அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண்ணும் அவர்தான். முதல் பெண், 1990-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸில் அந்த இடத்துக்கு வந்த எலைன் வெடிங்டன் ஸ்டீவர்ட்.

யாங்கீஸ் 1998, 1999, 2000 என வரிசையாக மூன்று முறை உலகத் தொடரை வென்றது. கிம் கையில் மூன்று சாம்பியன்ஷிப் மோதிரங்கள்.

அந்தக் காலத்தில் யாங்கீஸின் நட்சத்திரம் டெரெக் ஜீட்டர். 1999-ல் ஜீட்டரோடும் அணிக்குச் சம்பளத் தகராறு வந்து நடுவரிடம் போனது. ஜீட்டர் கேட்டது 50 லட்சம் டாலர். அணி சொன்னது 32 லட்சம். ஜெயித்தது ஜீட்டர். இந்தப் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

10 வருடம், 3 முதலாளிகள்

2001 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு மாறினார். காரணம் பழைய தொடர்பு. சிகாகோவில் தன்னை இன்டர்னாக எடுத்த டான் எவன்ஸ்தான் அங்கே ஜெனரல் மேனேஜர். கிம் துணைத் தலைவர் மற்றும் உதவி ஜெனரல் மேனேஜர்.

2004-ல் அணியின் உரிமையாளர் மாறினார். எவன்ஸ் போனார், பால் டிபொடெஸ்டா வந்தார். 2005-ல் அவரும் போனார், நெட் கொலெட்டி வந்தார். வழக்கமாகத் தலைமை மாறினால் துணைக்கு இருப்பவர்களும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கிம் மூன்று பேரிடமும் வேலை பார்த்தார். மூன்று பேரும் அவரை வைத்துக்கொண்டார்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். எரிக் கான்யே என்ற பந்துவீச்சாளர் 2003 சீசனில் ஆட்டத்தை முடித்துக்கொடுக்க இறங்கிய 55 வாய்ப்புகளில் 55-ஐயும் வெற்றியாக்கியவர். சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் அந்த வருடம் அவருக்குத்தான். அவர் 80 லட்சம் டாலர் கேட்டார். டாட்ஜர்ஸ் சொன்னது 50 லட்சம். இப்படிப்பட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு வீரரை எதிர்த்து வாதாடி ஜெயிக்க முடியும் என்று யார் நினைப்பார்கள்? அணிக்காக அந்த வழக்கு வேலையை முன்னின்று பார்த்தவர் கிம். டாட்ஜர்ஸ் ஜெயித்தது.

இந்த வருடங்களில் கசப்பும் இல்லாமல் இல்லை. 2003 நவம்பரில் அணி அதிகாரிகள் கூடும் வருடாந்தரக் கூட்டத்தின்போது, வேறொரு அணியின் அதிகாரி கிம்மின் இனத்தையும், சீன மொழி பேசுவதையும் அவர் முகத்துக்கு நேரே கேலி செய்தார். விஷயம் வெளியே வந்ததும் அந்த அணி அவரை வேலையை விட்டு நீக்கியது. அப்போது கிம் மூன்று முறை சாம்பியன் அணியின் நிர்வாகத்தில் இருந்தவர். அப்படியும் ஒரு விடுதி பாரில் அவரைப் பார்த்து கேட்கப்பட்டது, 'நீ எங்கிருந்து வந்தவள்' என்ற தொனியிலான கேள்விகள்தான்.

பேட்டி மட்டும் வரும், வேலை வராது

2005-ல் டாட்ஜர்ஸ் ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியானபோது கிம்மை நேர்காணலுக்கு அழைத்தார்கள். மேஜர் லீகில் அந்தப் பதவிக்கு நேர்காணல் செய்யப்பட்ட முதல் பெண் அவர். வேலை கொலெட்டிக்குப் போனது.

2008-ல் சியாட்டில் மரினர்ஸ். கிடைக்கவில்லை. 2009-ல் சான் டியாகோ பாட்ரஸ். கிடைக்கவில்லை. 2011-ல் ஏஞ்சல்ஸ். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகும் சில அணிகள் அழைத்தன. பதில் மட்டும் மாறவே இல்லை.

இங்கே ஒரு ஒப்பீடு பார்க்கலாம். 2002-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் தியோ எப்ஸ்டீனை ஜெனரல் மேனேஜர் ஆக்கியபோது அவருக்கு வயது 28. 2005 அக்டோபரில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் ஜான் டேனியல்ஸை அந்த இடத்தில் உட்காரவைத்தது. அவருக்கும் 28. டேனியல்ஸ் பேஸ்பால் வேலைக்கு வந்தே நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அதே காலகட்டத்தில் கிம்முக்கு வயது 36. பேஸ்பாலில் 15 வருடம், உதவி ஜெனரல் மேனேஜராக மட்டும் ஏழு வருடம், மூன்று சாம்பியன்ஷிப்.

எப்ஸ்டீனோ டேனியல்ஸோ திறமை இல்லாதவர்கள் கிடையாது. எப்ஸ்டீன் 2004-லேயே பாஸ்டனின் 86 வருட ஏக்கத்தைத் தீர்த்தார். டேனியல்ஸ் ரேஞ்சர்ஸை இரண்டு முறை உலகத் தொடர் இறுதிக்குக் கூட்டிப்போனார். கேள்வி அவர்கள் தகுதியைப் பற்றியது இல்லை. அனுபவமே இல்லாத இளைஞரிடம் 'இவர் நாளைக்குப் பெரிய ஆளாக வருவார்' என்ற நம்பிக்கையை வைக்க முடிந்த உரிமையாளர்களால், எல்லாம் செய்து காட்டிய ஒருவரிடம் ஏன் வைக்க முடியவில்லை என்பதுதான் கேள்வி.

இதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது. 1999-ல் அப்போதைய பேஸ்பால் ஆணையர் பட் செலிக் ஒரு விதி கொண்டுவந்தார். ஜெனரல் மேனேஜர் போன்ற முக்கியப் பதவிகள் காலியானால் சிறுபான்மையினரையும் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் பரிசீலிப்பது என்றால் ஒரு நேர்காணல் வைத்தாலே போதும். அதனால் யாரை எடுப்பது என்று மனதில் முடிவு செய்துவிட்டு, கணக்குக் காட்ட ஒருவரைக் கூப்பிடவும் அந்த விதியில் இடம் இருந்தது. கிம்முக்கு வந்த எந்த அழைப்பு உண்மையானது, எது கணக்குக்கு என்பது அழைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படியும் அவர் ஒவ்வொரு முறையும் போனார். மறுத்தால், 'அவருக்கே ஆர்வம் இல்லை' என்று எழுதிவிடுவார்கள். போனால், கிடைக்காமல் திரும்ப வேண்டும். தோற்ற ஒவ்வொரு நேர்காணலும் செய்தியாகவும் வந்தது.

2020 நவம்பர் 13

2011-ல் மேஜர் லீக் பேஸ்பால் தலைமையகத்தில் மூத்த துணைத் தலைவரானார். வெளிநாட்டு வீரர்களை ஒப்பந்தம் செய்யும் விதிமுறைகள், மற்ற நாட்டு லீக்குகளோடு உறவு ஆகியவை அவர் பொறுப்பில் வந்தன. டொமினிகன் குடியரசு போன்ற நாடுகளில் 16 வயதுப் பையன்களைத் தரகர்கள் வழியாகப் பிடித்துவரும் சந்தையை ஒழுங்குபடுத்துவது அதில் கடினமான பகுதி. ஒன்பது வருடம் அங்கே இருந்தார். நாற்காலி கனவு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

2020-ல் மயாமி மார்லின்ஸ் அணிக்கு ஆள் தேவைப்பட்டது. அணியின் தலைமைச் செயல் அதிகாரி யார் தெரியுமா? அதே டெரெக் ஜீட்டர். யாங்கீஸில் கிம் வேலை பார்த்ததை வீரராக இருந்து நேரில் பார்த்தவர். அவரே போன் செய்தார்.

நவம்பர் 13-ல் அறிவிப்பு வந்தது. கிம்முக்கு 52 வயது நிறைய நான்கு நாள் பாக்கி. மிஷெல் ஒபாமா, டென்னிஸ் ஜாம்பவான் பில்லி ஜீன் கிங் என்று வாழ்த்துகள் குவிந்தன. அறிமுகக் கூட்டத்தில் கிம் சொன்னதன் சாரம் இது: செய்தி வந்தபோது ஒரு தோளிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்ததாம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது அடுத்த தோளுக்கு மாறியிருந்ததாம்.

அந்த இரண்டாவது பாரம் சாதாரணமானது இல்லை. ஆண் ஜெனரல் மேனேஜர் தோற்றால், அவர் ஒருவர் தோற்றதாக அர்த்தம். முதல் பெண் தோற்றால், 'பெண்களால் முடியாது' என்று சொல்லக் காத்திருப்பவர்கள் உண்டு.

மார்லின்ஸில் என்ன செய்தார்?

மார்லின்ஸ் பணக்கார அணி கிடையாது. வீரர்களின் சம்பளத்துக்குச் செலவு செய்வதிலும், மைதானத்துக்கு வரும் கூட்டத்திலும் அடிமட்டத்தில் இருக்கும் அணிகளில் ஒன்று. 1997, 2003 என இரண்டு முறை உலகத் தொடரை வென்றிருக்கிறது. ஜெயித்த பின் நல்ல வீரர்களை விற்றுவிடுவார்கள் என்ற பெயரும் கூடவே இருக்கிறது.

முதல் வருடம், 2021: 67 வெற்றி, 95 தோல்வி. இரண்டாவது வருடம், 2022: 69 வெற்றி, 93 தோல்வி. சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

நடுவில், 2022 பிப்ரவரியில், ஜீட்டர் பதவி விலகினார். அணியின் எதிர்காலம் பற்றிய பார்வை தான் வந்தபோது இருந்ததிலிருந்து மாறிவிட்டது என்பது அவர் தரப்பு. கிம்மை அழைத்துவந்தவர் இப்போது இல்லை. முக்கிய உரிமையாளர் புரூஸ் ஷெர்மனோடு நேரடியாக வேலை பார்க்க வேண்டிய நிலை.

முடிவுகளில் நல்லதும் இருந்தன, தவறியதும் இருந்தன. பந்துவீச்சாளர் சாண்டி அல்காந்தராவை 5 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஐந்து வருடம் கட்டிப்போட்டார். அடுத்த சீசனிலேயே அவர் சை யங் விருதை ஒருமனதாக வென்றார். இது லாபம். அதே சமயத்தில் அவிசைல் கார்சியாவை 5 கோடியே 30 லட்சம் டாலருக்கு நான்கு வருடம் எடுத்தார். அவர் எதிர்பார்த்தபடி ஆடவே இல்லை. இது நஷ்டம்.

பிறகு வந்ததுதான் பெரிய பந்தயம். 2023 ஜனவரியில், நன்றாக வீசிக்கொண்டிருந்த பாப்லோ லோபஸையும் இரண்டு இளம் வீரர்களையும் மினசோட்டா ட்வின்ஸுக்குக் கொடுத்து, லூயிஸ் அராயெஸை வாங்கினார். அராயெஸ் பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பவர் இல்லை. ஆனால் பேட்டில் பந்து படாமல் போகவே போகாது என்று சொல்லும் அளவுக்கு நிதானம். சிக்சர் மாதிரியான ஹோம் ரன்னுக்குத்தான் மதிப்பு என்றிருக்கும் காலத்தில், 'இந்த மாதிரி ஆளுக்காக நல்ல பந்துவீச்சாளரைக் கொடுக்கலாமா?' என்று கேட்டார்கள்.

அராயெஸ் அந்த சீசனில் .354 சராசரியோடு நேஷனல் லீகின் பேட்டிங் பட்டத்தை வென்றார். முந்தைய வருடம் அமெரிக்கன் லீகில் அதே பட்டம். அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு லீகிலும் பட்டம் வென்ற முதல் வீரர் அவர்தான். ட்வின்ஸுக்கும் நஷ்டமில்லை. பிளே-ஆஃபில் 18 ஆட்டங்களாகத் தொடர்ந்து தோற்றுவந்த அந்த அணி, அந்த வருடம் தோல்வித் தொடரை முறித்தது. அந்த ஆட்டத்தைத் தொடங்கிய பந்துவீச்சாளர் லோபஸ். இரண்டு பக்கமும் ஜெயித்த அபூர்வமான பேரம்.

மேனேஜராக அதுவரை எந்த மேஜர் லீக் அணியையும் நடத்தியிராத ஸ்கிப் ஷூமேக்கரைக் கொண்டுவந்ததும் கிம் இருந்தபோதுதான். 2023-ல் நேஷனல் லீகின் சிறந்த மேனேஜர் விருது ஷூமேக்கருக்கே கிடைத்தது. சீசன் நடுவில், வீரர் பரிமாற்றத்துக்கான கடைசி நாளை ஒட்டி, ஜேக் பர்கர், ஜாஷ் பெல் என இரண்டு பேட்டர்களைக் கொண்டுவந்தார். இருவரும் அணிக்குக் கைகொடுத்தார்கள்.

முடிவு: 84 வெற்றி, 78 தோல்வி. பிளே-ஆஃப்.

அப்புறம் ஏன் வெளியேறினார்?

முதல் சுற்றிலேயே பிலடெல்பியா பில்லீஸிடம் 0-2 என மார்லின்ஸ் தோற்றது. அக்டோபர் 4-ம் தேதியோடு சீசன் முடிந்தது.

கிம்மின் ஒப்பந்தத்தில் 2024-க்கு ஒரு 'பரஸ்பர விருப்ப வருடம்' இருந்தது. அதாவது, இரண்டு தரப்பும் சரி என்றால் மட்டுமே அது தொடரும். அணி, 'சரி' என்றது. கிம், 'வேண்டாம்' என்றார்.

ஏன்? முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன பதவி இங்கேதான் வருகிறது. கிம்முக்கு மேலே ஒரு பேஸ்பால் ஆபரேஷன்ஸ் தலைவரைக் கொண்டுவர உரிமையாளர் தரப்பு திட்டமிட்டது. அப்படி வந்தால் கிம்மின் பதவிப் பெயர் அப்படியே இருக்கும், அதிகாரம் மட்டும் மேலே போய்விடும். நிர்வாகத்தை எப்படி மாற்றியமைப்பது என்பதில் உரிமையாளரோடு தனக்கு முழு ஒத்த கருத்து இல்லை, அதனால் விலகுவதே நல்லது என்று கிம் அறிக்கை விட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

உரிமையாளர் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. 84 வெற்றி என்றாலும், அந்த அணி அடித்த ரன்களைவிட விட்டுக்கொடுத்த ரன்கள் 57 அதிகம். ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 33 வெற்றி, 14 தோல்வி. இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, அடுத்த வருடமும் இப்படியே நடக்கும் என்று நம்ப முடியாது என்பது புள்ளிவிவரக்காரர்கள் சொல்வது. டிராஃப்டில் எடுத்த இளம் வீரர்கள், குறிப்பாக பேட்டர்கள், சரியாக வளரவில்லை என்ற விமர்சனமும் இருந்தது. அதைச் சரிசெய்ய நிர்வாகத்தையே மாற்ற நினைத்தார்கள்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் 69 வெற்றியிலிருந்து 84-க்குக் கொண்டுவந்த ஒருவருக்குப் பொதுவாகக் கிடைப்பது அதிகாரத்தோடு கூடிய நீட்டிப்பு. மேலே இன்னொரு ஆளை வைப்பது கிடையாது. 15 வருடம் இரண்டாம் இடத்துக்காக இல்லை, முதல் இடத்துக்காகக் காத்திருந்தவர், மறுபடியும் இரண்டாம் இடத்துக்கு இறங்க மறுத்தார்.

அதன் பிறகு டாம்பா பே ரேஸ் அணியிலிருந்து பீட்டர் பெண்டிக்ஸ் அந்தத் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2024 மே மாதம் அராயெஸ் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அல்காந்தரா அறுவை சிகிச்சையால் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. மார்லின்ஸ் 62 வெற்றி, 100 தோல்வியோடு முடித்தது. ஷூமேக்கரும் விலகினார். இந்தச் சரிவுக்குக் கிம் இல்லாதது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. காயங்களும், அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டும் முடிவும் சேர்ந்துதான் அது நடந்தது.

இப்போது கிம் ஆங் எங்கே?

தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கிறார். ஆம், சாஃப்ட்பால்!

2025 ஏப்ரலில், பெண்களுக்கான தொழில்முறை லீகான அத்லீட்ஸ் அன்லிமிடெட் சாஃப்ட்பால் லீகின் ஆணையராகப் பொறுப்பேற்றார். நான்கு அணிகளோடு ஜூன் மாதம் முதல் சீசன் தொடங்கியது. அதற்குச் சில நாள் முன்பு மேஜர் லீக் பேஸ்பால் இந்த லீகில் முதலீடு செய்வதாக அறிவித்தது. கல்லூரியோடு ஆட்டத்தை முடித்துக்கொள்ளும் பெண்களுக்கு, அதற்குப் பிறகும் சம்பளத்தோடு ஆட ஓர் இடம் வேண்டும் என்பதுதான் திட்டம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வருவதும் இதற்குக் கைகொடுக்கும்.

இந்தக் கதை ஏன் முக்கியம்?

பேஸ்பாலில் பெண்கள் இருந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கறுப்பின வீரர்களுக்கான லீகில் நியூவார்க் ஈகிள்ஸ் அணியைக் கணவரோடு சேர்ந்து நடத்திய எஃபா மேன்லி, 2006-ல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட முதல் பெண். கிம் யாங்கீஸை விட்டுப் போனதும் அந்த இடத்துக்கு வந்தவர் ஜீன் ஆஃப்டர்மேன் என்ற இன்னொரு பெண். கிம் மார்லின்ஸில் இருந்தபோது, வணிகப் பிரிவின் தலைவராக இருந்தவரும் ஒரு பெண்தான்: கேரலின் ஓ'கானர்.

ஆனால் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒற்றை நாற்காலியில், 2025 சீசன் முடியும் வரை, கிம்முக்குப் பிறகு இன்னொரு பெண் உட்காரவில்லை.

சுருக்கமாகச் சொன்னால்:

● 1990 – ஒயிட் சாக்ஸில் இன்டர்ன்
● 1995 – சம்பள வழக்கில் வாதாடிய முதல் பெண்
● 1998 – யாங்கீஸ் உதவி ஜெனரல் மேனேஜர், தொடர்ந்து 3 சாம்பியன்ஷிப்
● 2001 – டாட்ஜர்ஸ்
● 2005 – ஜெனரல் மேனேஜர் பதவிக்கு முதல் நேர்காணல்
● 2011 – மேஜர் லீக் தலைமையகம்
● 2020 – மார்லின்ஸ் ஜெனரல் மேனேஜர்
● 2023 – பிளே-ஆஃப், அதே மாதம் விலகல்
● 2025 – சாஃப்ட்பால் லீக் ஆணையர்

இந்தப் பட்டியலில் 2005-க்கும் 2020-க்கும் நடுவில் இருக்கும் 15 வருடத்தைப் பாருங்கள். தகுதி இருந்தது, அழைப்பும் வந்தது, வேலை மட்டும் வரவில்லை. கடைசியில் அதைக் கொடுத்தவர் யார்? கிம் எப்படி வேலை செய்வார் என்பதை 20 வருடம் முன்பே பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர். அதற்கு முன் அவரை டாட்ஜர்ஸுக்கு அழைத்துப் போனவரும் அப்படித்தான், இன்டர்னாக இருந்தபோதே பார்த்தவர். தெரியாதவர்கள் நேர்காணல் வைத்தார்கள், தெரிந்தவர்கள் வேலை கொடுத்தார்கள்.

அடுத்த கிம் ஆங் இப்போது ஏதோ ஓர் அணி அலுவலகத்தில் இன்டர்னாக உட்கார்ந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கலாம். அவருக்கும் 30 வருடம் ஆகுமா என்பது, பக்கத்து மேசையில் இருப்பவர்கள் இன்றைக்கு அவரைக் கவனிக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது.